ஈவ்லினின் சண்டைப் பாடம்

மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். சோபாவில் ஆய்வு நெறியாளர் கணேசமூர்த்தி. அவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மஹ்விஷ், லக்னோவிலிருந்து தி.நகர் கிளைக்கு மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. சமையலறை வாசலில் முக்காலி போட்டு அம்மா நோரா. ஈவ்லினால் உட்காரவே முடியவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

நான்கு வருட முனைவர் பட்ட ஆய்வு இன்று தேறியாக வேண்டும். இலக்கணம் வேண்டாம், புத்தகம் வேண்டாம், சண்டை போட வைத்தால் போதும், எந்த மொழியும் தானாக வந்துவிடும் என்பது அவள் கொள்கை. வங்கி தமிழ் படிக்க அனுப்பிய ஐந்து பேரில் நால்வர் முதல் சண்டையோடு ஓடிவிட்டார்கள். பத்து வாரம் தாக்குப்பிடித்தவள் மஹ்விஷ் மட்டும்தான்.

"உங்க பேர் என்ன?" என்றாள் ஈவ்லின்.

"நல்லா இருக்கு," என்றாள் மஹ்விஷ்.

கணேசமூர்த்தி குறிப்பேட்டைத் திறந்தார்.

"சார், இதுல சண்டையே இல்லையே! அம்மா, நீதான் காய்காரம்மா. ஆரம்பி!"

நோரா முப்பது வருடம் பள்ளி ஆசிரியை. அடக்கி வைத்ததெல்லாம் எழுந்து வந்தது. புடவையைச் செருகிக்கொண்டார். "எல்லாத் தக்காளியையும் அமுக்கிப் பாக்குறியே, இது இன்னா உன் கன்னமா? வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி நடையைக் கட்டு!"

மஹ்விஷ் கைகூப்பினாள். "நன்றி."

"அம்மான்னா அவங்களுக்குப் பாசம் சார். நீங்க திட்டிப் பாருங்க."

"நானா?"

"ஆய்வுக்காக, சார்."

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஏம்மா, ஒரு கையெழுத்துக்கு மூணு நாள் அலைய விடறீங்களே, நாங்க மனுஷங்க இல்லையா?"

தொடங்கியது ஆய்வுக்காகத்தான். பாஸ்புக், சர்வர் டவுன், மதிய இடைவேளை என்று போகப் போக உண்மையாகவே சூடேறிவிட்டது. முகம் சிவந்து மூச்சு வாங்கியது. நோரா தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ரொம்ப நன்றி," என்றாள் மஹ்விஷ்.

"சார்! ஒரு சொல் கூடியிருக்கு!"

"பேசாம இரும்மா," என்றார் கணேசமூர்த்தி, தண்ணீரைக் குடித்துவிட்டு. "பேங்க்கோட மண்டல ஆபீஸ் ரிசல்ட் கேட்டிருக்கு. இருக்கறத இருக்கறபடி எழுது. இப்பவே."

"அடுத்த வாரம் இன்னொரு தடவை..."

"இன்னொரு தடவைன்னா என் பிரஷர் தாங்காது."

ஈவ்லின் எழுதினாள்: 'பத்து வாரப் பயிற்சிக்குப் பிறகும் இவருக்குத் தமிழ் வரவில்லை.' கணேசமூர்த்தி பேனாவை வாங்கி, 'இனியும் வராது' என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் உறையை ஒட்டினாள். கூரியர்காரர் சுரேஷ்குமார் வாங்கிப் போனார். மஹ்விஷும் ஆளுக்கொரு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நான்கு வருட உழைப்பு போவதைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஈவ்லின் பால்கனிக்கு வந்தாள். கீழே சுரேஷ்குமார் வண்டியில் சாய்ந்து, போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், வண்டிய எடுய்யா!"

போட்ட அதட்டலில் அவர் அலறியடித்துக் கிளம்பினார். கடிதம் தெருமுனை திரும்பியது. இடுப்பில் கைவைத்து நடுத்தெருவில் நின்ற மஹ்விஷ் அவர் போன திக்கைப் பார்த்துக் கத்தினாள்:

"நீ கதை பேசிக்கினு நின்னா கவர் இன்னா தானா நடந்து போவுமா? எனக்குத் தமிழ் வராதுன்னு அது போய்ச் சொன்னாத்தான்யா என்னை லக்னோவுக்கே மாத்துவாங்க!"