வேப்பிலை செருகிய ஏலக்காய் ஸ்டோர்

வண்டன்மேடு,
ஆடி, 1976.

அன்பும் அதட்டலும் ஒருசேர உள்ள அண்ணனுக்கு, தங்கை சாந்தம்மாள் வணங்கி எழுதுவது. இங்கே மழையும் அட்டைகளும் சௌக்கியம். வேலந்தாவளத்தில் அண்ணியும் உங்கள் மாடுகளும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் அதட்டியபடியே மார்பில் இருந்த கட்டிக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். புற்று இருக்கும் இடத்தைப் படத்தில் கருப்பாகக் காட்டிக்கொடுக்கும் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். என் சம்மதம் கேட்டு ஊசி போட்டு, மறுநாள் மெஷினுக்கு அடியில் படுக்கவைத்தார்கள். படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "இவ்வளவு சுத்தமான உடம்பை நான் பார்த்ததே இல்லைம்மா" என்று சின்ன டாக்டர் வியந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் மருந்தின் கதிர் அடங்கும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியதால், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தனியாகப் பாய் விரித்தேன், அங்கேதான் வினை. தனிப் பாய், யாரும் தொடக் கூடாது என்றதும், வேலைக்காரி முத்துப்பேச்சி எனக்கு அம்மை என்று முடிவுகட்டி வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். ஆடி மாசம் வேறு, ஆத்தாளே இறங்கியிருக்கிறாள், குறி கேட்கலாம் என்று தோட்டக் குடியிருப்பு லயத்துப் பெண்கள் கூழோடு வரிசைகட்டிவிட்டார்கள்.

"நான் பி.ஏ. படிச்சவ, போங்கடி!" என்றேன்.

"இந்த வருசம் ஆத்தா படிச்சிட்டுல்ல வந்திருக்கா!" என்று முத்துப்பேச்சி குலவையிட்டாள்.

உங்கள் மாப்பிள்ளையோ, "வந்தது வந்துட்டா, காய் வெலை ஏறுமான்னு கேட்டுச் சொல்லு" என்கிறார்.

தொலையட்டும் என்று, காய் பொறுக்கும் மூக்கம்மாளின் வயிற்றில் கை வைத்தேன். அண்ணா, ஸ்டோரின் சூட்டுக் குழாயைத் தொட்டதுபோல் உள்ளங்கை சுட்டது. வேறு யாரைத் தொட்டும் சுடவில்லை. சிரித்துக்கொண்டே கையை எடுத்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அவளைக் கம்பம் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வயிற்றில் கட்டியாம், நல்லவேளை சீக்கிரம் வந்தாய் என்றார்களாம். என் ரத்தத்தில் ஓடும் மருந்துதான் அவள் கட்டியை அடையாளம் கண்டிருக்கிறது, விஞ்ஞானத்தில் இதற்கும் ஒரு பெயர் இருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மருந்து அடங்கினால் சூடும் அடங்கிவிடும். என் படம் சுத்தம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசிகள், தூரத்திலிருந்தே.

சாந்தம்மாள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எஸ்டேட் ஆபீசுக்கு டிரங்க் கால். சின்ன டாக்டர்தான். குப்பி மாறிவிட்டதாம், எனக்கு ஏற்றியது வெறும் உப்புத் தண்ணீராம். "அந்தப் படம் செல்லாதும்மா, உடனே வாங்க" என்றார். அப்படியானால் என் கையைச் சுட்டது எது என்று அவரிடம் கேட்கவில்லை. போன் பேசிவிட்டு வந்ததிலிருந்து மாராப்பைக்கூட முத்துப்பேச்சிதான் சரிசெய்துவிடுகிறாள். அண்ணா, இந்தக் கை தானாக என் மார்புக்குப் போவதற்குள் வந்துவிடுங்கள்.