வேட்பாளருக்கு ஒரு மன்றாட்டு

அரசியல்வாதிகள் மேல் எனக்கிருக்கும் கோபத்துக்குக் கொள்கை, கோட்பாடு என்று பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு பஸ்தான் காரணம். அதுவும் வராத பஸ்.

அப்போது நான் மன்னார் பட்டினத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு பேசாலையில். சமாதானப் பேச்சுக் காலம்; சண்டை ஓய்ந்திருந்தது, ரயில் இன்னும் திரும்பி வரவில்லை. பின்னேர வகுப்பு முடிந்து நான் ஓட்டமும் நடையுமாக வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். பொழுதுபடும் நேரத்தில் அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். என்னைக் கூட்டிவர வீட்டில் வேறு ஆளில்லை.

ஒருநாள் அப்பா முடிவாகச் சொன்னார்: "அடுத்த தவணைக்குள்ள பஸ் வந்தாப் படி. இல்லாட்டி நிப்பாட்டு. பொம்பிளைப் பிள்ளையை இருட்டில றோட்டில விட்டுட்டு என்னால நிம்மதியா வலை இழுக்கேலாது."

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் வேட்பாளருக்காக ஓடித் திரிந்தவர் யேசுதாசன் அண்ணை. அவர் வீடு தேடி வந்தார். எங்கள் மாதா கோவிலில் ஞாயிறு பூசையில், ஊர் எழும்பி நின்று பதில் சொல்லும் விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பது நான்தான். (குரல் நல்லது என்பதால் அல்ல, மைக் பழுதானாலும் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும் என்பதால்.) கூட்டத்தில் ஊரின் தேவைகளை நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

"சொல்லுறன் அண்ணை. ஆனா பஸ்ஸையும் சொல்லுவன்."

"பஸ் சின்ன விசயம் பிள்ளை. கடைசியா அதையும் சொல்லும். முதல்ல வள்ளத்துறை, பிறகு ஐஸ் பக்டரி. சும்மா கதைக்கிற மாதிரி இல்லாம, கோவில்ல வாசிக்கிற மாதிரி மரியாதையாச் சொல்லோணும், என்ன?"

இந்தக் கடைசி வசனத்தை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்திருக்க வேண்டும். பிற்பாடு இப்படிச் சொல்லவே இல்லை என்று அந்த மனிதர் சாதித்தார்.

மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். வெயிலில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஊரே காய்ந்தது. ஆம்பிளைகள் எல்லோருக்கும் வேட்பாளரின் முகம் போட்ட தொப்பி கொடுத்தார்கள். பெண்களுக்குத் தொப்பியும் இல்லை, குடிக்கத் தண்ணியும் இல்லை. வாக்கு மட்டும் எங்களுக்கும் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் வாகனங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. வேட்பாளர் இறங்கினார். மேடையில் அவருக்கு மட்டும் குஷன் போட்ட கதிரை. மன்னிப்பு என்று ஒரு சொல்? இல்லை. "மக்கள் வெள்ளத்தைப் பார்க்கிறேன்" என்றார். வெள்ளமெல்லாம் எங்கள் முதுகில் வேர்வையாக ஓடியதைத்தான் சொல்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தேன். வாய்க்கு அந்த நேரம் ஒரேயொரு ராகம்தான், ஞாயிறு பூசை ராகம்தான், தெரிந்திருந்தது.

"எங்கள் வள்ளங்களைப் பாதுகாப்பாகக் கட்டுவதற்கு ஒரு துறையை அமைத்துத் தர வேண்டுமென்று, உம்மை மன்றாடுகிறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. முன்வரிசைப் பெண்கள் எழும்பி நின்றார்கள். அவர்களைப் பார்த்து முழுக்கூட்டமும் எழும்பியது. பின்னால் ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்கள். ஊர் ஒரே குரலில் சொன்னது:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

வேட்பாளர் வேறு ஊர்க்காரர், சைவர். எங்கள் பூசை ஒழுங்கு அவருக்குத் தெரியாது. அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தன்னை ஒரு ஊரே ஆண்டவரே என்று கூப்பிடுகிறது என்றால் ஒரு மனிதருக்குக் கொஞ்சமாவது கூச்சம் வரவேண்டாமா? அவருக்கு வரவில்லை. எழும்பி, வலது கையை மெதுவாக உயர்த்தி, எங்கள் எல்லோரையும் பார்த்து, "பார்ப்பம்" என்றார்.

நான் நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. ஐஸ் பக்டரிக்கும் அதே ராகம், அதே "மன்றாடுகிறோம்". ஊரும் முன்னையதைவிடப் பலமாகப் பதில் சொன்னது. கை மறுபடி உயர்ந்தது. "பார்ப்பம்."

அப்போதுதான் பின்னால் யாருக்கோ விசயம் புத்தியில் தட்டுப்பட்டது; அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. பூசை வைக்கும் எங்கள் சுவாமி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பி நின்றார். நான் மூன்றாவதுக்கு, என் பஸ்ஸுக்கு, மூச்சை இழுத்தேன். யேசுதாசன் அண்ணை பாய்ந்து வந்து மைக்கைப் பறித்தார்.

"அண்ணை, பஸ்."

"பஸ்ஸும் மண்ணாங்கட்டியும். இறங்கும் கீழ."

வேட்பாளர் வென்றார். துறையும் வரவில்லை, ஐஸ் பக்டரியும் வரவில்லை. பஸ்ஸைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதேன். ஊர் சிரித்ததற்காக அல்ல, படிப்பு முடிந்தது என்று. அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் கூட்டத்துக்கு வந்த அப்பாவும் தொப்பியைக் கழற்றிப் பதில் சொன்னவர்களில் ஒருவர். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் அவர் கோபம் என் பக்கம் இல்லை.

"ஊரில எல்லாற்ற மன்றாட்டும் வாசிச்சாச்சு, என்ர பிள்ளையின்ரயை மட்டும் வாசிக்க விடேல்லையோ?" என்றார். "நான் விசுவாசத்தோட சொன்னனான். அந்தாளும் கையை உயத்தி ஏத்துக்கொண்டது. இனி அந்தாளின்ர பஸ் வந்தாலும் நீ ஏறப்படாது."

அடுத்த நாளே மீன் லொறிக்கார பீற்றர் மாமாவிடம் போனார். மாமா பின்னேரத்தில் பட்டினத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு மீன் எடுக்க எங்கள் ஊருக்கு வருகிறவர். வகுப்பு வாசலில் லொறி வந்து நிற்கும். முன் சீட்டில் நான், மடியில் விலங்கியல் புத்தகம், காலடியில் ஐஸ் தண்ணி. உயர்தரம் முடியும்வரை என் பாதங்கள் சூடாக இருந்ததே இல்லை. படிப்பு நிற்கவில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது எதற்காவது "பார்ப்பம்" என்று சொன்னால், மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு எழும்பி நிற்பார்கள். கிணற்று மோட்டரைத் திருத்தும்படி கேட்டபோது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, என் கணவர் கலியாணமான புதிதில் மிரண்டுபோனார். (அவர் பெரியமடுக்காரர், இந்தக் கதை தெரியாது. மாமனார் வீட்டில் மரியாதை பலமாக இருக்கிறது என்று முதலில் நினைத்தாராம்.)

போன மாதம் என் மகள் வந்தாள். பின்னேர வகுப்புக்குப் போய்வர ஸ்கூட்டி வேண்டுமாம். நான் மரக்கறி வெட்டிக்கொண்டே, யோசிக்காமல், "பார்ப்பம்" என்றேன்.

கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் கணவர் நிற்கிறார், அம்மா நிற்கிறார், மகள் கைகட்டி நிற்கிறாள். முழங்கால் வருத்தத்தோடு அப்பாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

"இருங்கோ அப்பா" என்றேன்.

நான் ஓம் என்று சொல்லும்வரை அவர் கதிரையில் இருக்கவில்லை.