பிரிண்ட்அவுட் சாருக்கு வராத வியாதி இல்லை

தாம்பரத்துக்குக் கிழக்கே இரண்டாயிரங்களில் பரவிய எந்த வியாதியும் முதலில் பிரிண்ட்அவுட் சாருக்கு வந்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைந்தது. பரவாத வியாதிகளும் அவருக்கு வந்தன. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஈ கடித்தால் தூக்க வியாதி வருமாம். ராஜகீழ்ப்பாக்கத்தில் அது அவர் ஒருவருக்கு மட்டும் வந்தது. மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் கண் அசந்ததுதான் அறிகுறி.

அவர் கணக்கு வாத்தியார். நிஜப் பெயர் பாய்க்கே மறந்துபோயிருந்தது. பாய், ஜங்ஷனில் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். ஆறு கம்ப்யூட்டர்கள், நடுவே பிளைவுட் தடுப்புகள். பள்ளி விட்டதும் சார் நேரே அங்கே வருவார். உடம்பில் அன்றைக்கு எங்கே குத்தியதோ அதை கீபோர்டில் இரண்டு விரலால் தட்டி நெட்டில் தேடுவார். வந்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து, நூல் போட்டுக் கட்டி, டாக்டரிடம் கொண்டுபோவார். "சார், இதெல்லாம் நான் படிச்ச சிலபஸ்லயே இல்ல" என்று டாக்டரே ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"இன்னா சார், நேத்து கிட்னின்னீங்க, இன்னிக்கு மூளைன்றீங்க? ஒரு எடத்துல நில்லுங்க சார், பேஜாராகீது!" என்பார் பாய்.

நான் அப்போது காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் வியாதிகளைத் தேடுகிறவர்களுக்கு உடம்பைப் பற்றிய பயம் எவ்வளவு என்று அளப்பதுதான் என் ஆய்வு. பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். மார்க் ஏற ஏறப் பயம் அதிகம் என்று அர்த்தம். பாய் கடைக்கு வருகிறவர்களிடம்தான் கேட்டு வாங்குவேன்; சாரிடமும் அங்கேயே ஒரு படிவத்தை நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, மூணாவது கேள்வியில தூக்கம் கெடுதான்னு இருக்கு. பதினொண்ணுல உறக்கம் பாதிக்குதான்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே? எவன் செட் பண்ணான் இந்தப் பேப்பரை?"

"நான்தான் சார்."

எழுபத்தைந்துக்கு எழுபத்தொன்று வாங்கினார். நல்ல மார்க் என்று ஒரு கணம் முகம் மலர்ந்தது. எதில் வாங்கியிருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. மறுநாள் கையில் முப்பது பக்கக் கட்டோடு வந்து நின்றார். "தேடித் தேடிப் பயப்படறதே ஒரு பிரச்சினையாமே! எனக்கு அதுவும் இருக்கும்மா."

அதன்பின் வாரா வாரம், பி.பி. பார்க்கக் கை நீட்டுவதுபோல் படிவத்துக்குக் கை நீட்டினார். "இன்னிக்கு ஒரு தடவை அளந்துடேன்." அடுத்த மாதம் எழுபத்திரண்டு ஆனது. என் தோழிகளிடம் நான் அவரைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷம்தான் என் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். அன்று மாலை பாய் கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தைத் திறந்தேன், அதிலிருந்து இன்னொன்று. எதைத் திறந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டது. என்னை யாராவது அப்போது அளந்திருந்தால் எழுபத்தைந்தும் வாங்கியிருப்பேன்.

பின்னாலிருந்து சார் கேட்டார். "யாருக்கும்மா?"

"அம்மாவுக்கு சார். கழுத்துல கட்டி."

குனிந்து திரையைப் பார்த்தார். "இந்த சைட் வேணாம்மா. எனக்குத் தெரியும், இதுல யாருமே பிழைக்க மாட்டாங்க."

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அவரே கை நீட்டி மானிட்டரை அணைத்தார். "பாய், ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணுக்கு சிஸ்டம் குடுக்காதீங்க."

"யாரு சொல்றது பாரு!" என்றார் பாய். ஆனால் கொடுக்கவில்லை.

அடுத்த நான்கு நாளும் பள்ளி விட்டதும் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைக் கொண்டுவந்து, பையன்கள் போட்ட கணக்குகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு கணக்கில் அப்பாவைவிட மகனுக்குப் பன்னிரண்டு வயது கூட. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசி நாள் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "தனியா இருந்தாதாம்மா கை அதையெல்லாம் தேடிப் போகும். வீட்ல எனக்கு யாரு இருக்கா, எங்க வலிக்குதுன்னு கேக்க?"

என் பதினைந்து கேள்விகளில் அது இல்லை.

ரிப்போர்ட் வாங்கத் தாம்பரத்துக்கு அவரும் கூட வந்தார். கவரைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அவர் பிரித்தார். வரிக்கு வரி விரல் வைத்து இரண்டு முறை படித்தார். "சாதாரணக் கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். சேலையூர் தாண்டியதும் சாரின் கை மெல்ல அவர் கழுத்துக்குப் போனது. கீழிருந்து மேலே ஒருமுறை தடவினார். மேலிருந்து கீழே ஒருமுறை.

"ஏம்மா, எனக்கும் இங்க ஏதோ தட்டுப்படுதே?"

"அது குரல்வளை சார். எல்லாருக்கும் இருக்கும்."

மறுபடியும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேன் சார்" என்றேன்.