இன்னும் நோனகதே

தெரணியகலை,
மேல் பிரிவு லயம்.

கொழும்புப் புடவைக்கடையில் ஏசிக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் எனது மரியாதைக்குரிய கணவர் தினேஷ் அவர்களுக்கு, மனைவி தர்மிளா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். அது உண்மையா என்பதைக் கீழே வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூட லீவையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டுப் போன மனிதர் நலமாகத்தான் இருப்பார்.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் போய்விட்டது. எப்படிப் போனது என்பதற்கு வருகிறேன். பக்கத்துச் சிங்களக் கிராமத்து மெனிக்கே அக்காவின் போனில் பேசலாம்தான். ஆனால் நான் திட்டத் தொடங்கியதும் "சிக்னல் இல்ல, கேக்கல" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது, முழுக்க வாசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் நீங்கள்தான். சித்திரை வருசத்துக்கு முதல்நாள் போன் எடுத்து, "முதலாளி லீவு தரமாட்டேங்குறாரு தர்மி, கடையில சரியான கூட்டம். வருசம் முடிஞ்சி வாறேன்" என்றீர்களே, அப்போது என் இரண்டு கையிலும் முறுக்கு மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கவிஷ் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டான், ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டான். ஏழு வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் போனால் பயப்பட வேண்டும். நான் மடச்சி, தொல்லை விட்டது என்று சந்தோசப்பட்டேன்.

போனவன் நேரே மெனிக்கே அக்கா வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்திருக்கிறான். கொண்டைப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அந்த மனுசி, பழைய வருசம் முடிந்து புது வருசம் பிறக்கும்வரைக்கும் உள்ள நேரம் நோனகதே என்றும், அப்போது அடுப்பு மூட்டக்கூடாது, குளிக்கக்கூடாது, அந்த நேரத்தில் செய்யும் எதுவும் பலிக்காது என்றும் பாடம் எடுத்திருக்கிறார். "நோனகதேட்ட வெட கரன்ன எப்பா புத்தே." வேலை எதுவும் செய்யாதே மகனே. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் உங்கள் மகன் பிறந்ததிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்தான். நம் ஆட்கள் புண்ணிய காலம் என்று மருத்துநீர் வைத்துத் தலைமுழுகுகிற அதே நேரத்தில், சிங்கள ஆட்கள் எதையும் செய்யாமல் சும்மா இருக்கிறார்கள். குளிக்கலாமா, சும்மா இருக்கலாமா என்றால் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் சாய்வான் என்று நான் சொல்ல வேண்டுமா?

வருசம் பிறந்த அன்று காலையில் புதுப்பானையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனால், அடுப்பு நிறையத் தண்ணீர். விறகெல்லாம் ஊறிப் போயிருக்கிறது. பக்கத்தில் அண்ணனும் தங்கச்சியும் காவல்.

"என்னடா செஞ்சி வச்சிருக்க?"

"அப்பா வருசம் முடிஞ்சி வாறேன்னு சொன்னாங்கதானே. பழைய வருசம் முடிஞ்சிருச்சி. அப்பா இன்னும் வரல. அப்ப இப்ப நோனகதேதானேம்மா?"

"அது விடியறதுக்கு முந்தியே முடிஞ்சிருச்சிடா!"

"அது மெனிக்கே பெரியம்மா வீட்டுல. நம்ம வீட்டுல முடியல."

இந்த வாய் அவனுக்கு என் பக்கத்திலிருந்து வரவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் யாரும் குளிப்பதில்லை. பல் தேய்ப்பதும் வேலைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. டீச்சர் கொடுத்த லீவுப் பாடம் கொப்பிக்குள்ளேயே தூங்குகிறது. நீங்கள் அனுப்பிய புதுச் சட்டையையும் கவுனையும் தொடவிடுகிறார்கள் இல்லை. கூப்பிட்டால், அதட்டினால், காதைத் திருகினால், எதற்கும் தங்கச்சி டிலுவும் சேர்ந்து ஒரே பதில்: நோனகதே.

ஆனால் விளையாட்டு மட்டும் வேலை இல்லையாம். அப்பா வந்ததும் பால் பொங்க வேண்டும், அதற்குப் பழகிப் பார்க்கிறோம் என்று இரண்டும் கீழ்மலைக்குப் போய், ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளிலிருந்து பாலை ஊற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ரப்பர் பால்! ஊற்றியது என் பொங்கல் பானையில். பால் பொங்குவதை உங்களுக்கு வீடியோ எடுத்து அனுப்ப டிலு போனைத் தூக்கிக்கொண்டு பானைமேல் குனிந்திருக்கிறாள். போன் உள்ளே. கையைவிட்டுத் துழாவி எடுத்து, அந்தக் கையைத் தலையில் துடைத்திருக்கிறாள். நான் மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து சேரும்போது எல்லாம் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், கடைசியில் கத்தரிக்கோல்தான். நீங்கள் தடவித் தடவிப் பின்னல் போட்டுவிடுவீர்களே, அந்த முடி இப்போது இல்லை. வெட்டும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அதற்குள் பால் வெட்டுகிற கன்னையா அண்ணன் வாசலில் வந்து நின்று லயத்து வீடெல்லாம் கேட்கக் கத்திவிட்டுப் போனார். புருசன் இல்லாத வீடு என்றால் யாரும் வந்து கத்தலாம்தானே.

வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவும் லீவுக்குப் பூட்டு. வீட்டில் விட்டால் இன்னும் எதைக் கொட்டுவார்களோ என்று நேற்று இரண்டையும் மலைக்கே கூட்டிக்கொண்டு போனேன். டிலு ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, "நோனகதே! வெட கரன்ன எப்பா!" என்று ஒரு கூப்பாடு. எல்லாப் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கங்காணிக்கு வந்ததே கோபம். கொழுந்து குறைந்தது என்று எனக்கு அரைப்பேர்தான் போட்டார். நாள் முழுக்க வெயிலில் நின்றவளுக்கு அரை நாள் கூலி. வீட்டில் அப்பா வேலையையும் அம்மா வேலையையும் சேர்த்துச் செய்கிறேனே, அதற்கு எந்தக் கங்காணி பேர் போடுவான்?

எனக்கு வயிறு எரிகிறது. தீபாவளிக்கும் இதையேதான் சொன்னீர்கள். பண்டிகை முடிந்து வாறேன், கூட்டம் முடிந்து வாறேன். ஊரார் பிள்ளைகளுக்குச் சட்டை அளந்து கொடுக்கிற உங்களுக்கு, உங்கள் பிள்ளைகள் வளர்ந்த அளவு தெரியுமா? டிலு தூங்கும்போது நீங்கள் அனுப்பிய கவுனை அவள்மேல் வைத்துப் பார்த்தேன், முழங்காலுக்கு மேலே நிற்கிறது.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளின் அடத்துக்கு மடங்குகிறவள் இல்லை நான். மறுநாளே அடுப்பைத் துடைத்து மூட்டி, பொங்கி, படைத்து, சாப்பிட்டுவிட்டோம். எங்கள் வருசம் பிறந்து நன்றாகத்தான் நடக்கிறது. பிள்ளைகள் இப்போது உங்களைக் கேட்பதுகூட இல்லை.

முதலாளி ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாற்சோறு சாப்பிட்டிருப்பார், அந்தக் குடும்பம் நல்லா இருக்கட்டும். உங்களுக்கும் மாரியம்மா குறை வைக்க மாட்டாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
தர்மிளா.

பி.கு: கன்னையா அண்ணன் தன் மகளைக் கொழும்பில் கார்மெண்ட் வேலைக்குக் கொண்டுவந்து விட வருகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் அவரிடம் ரப்பர் பாலுக்கு மன்னிப்புக் கேளுங்கள்.

அடுப்பை மூட்டினேன் என்று எழுதியது பொய். மறுநாள் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன்தான். டிலு ஓடிவந்து அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "பத்தவைக்காதீங்கம்மா. அப்புறம் புது வருசம் வந்துரும். அப்பா இல்லாமலே வந்துரும்" என்றாள். தீப்பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சோறு மெனிக்கே அக்கா வீட்டிலிருந்து வருகிறது. என் புதுச் சேலையும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கிறது.

ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதெல்லாம் நோனகதேயில் எழுதியது, பலிக்காது. பானையில் ஒட்டின ரப்பரை உரித்துக் கழுவி வைத்திருக்கிறேன். கன்னையா அண்ணன் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே ஏறி வாருங்கள். வந்து, அடுப்பை நீங்களே மூட்டுங்கள்.