பேசியது நான் இல்லை, பிராந்தி

ஐப்பசி 2, ஞாயிற்றுக்கிழமை

கடத்தூரில் கௌரவத்தோடு வாழும் மரியாதைக்குரிய அண்ணன் மாரியப்பன் அவர்களுக்கு, மொரப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை அமுதவல்லி கைகூப்பி எழுதும் மன்னிப்புக் கடிதம்.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சாமி புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் கோகிலவாணி அண்ணியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் மச்சானும் என் வீட்டுக்காரருமான வீரமணி சௌக்கியம். மழைக்காலம், காய்ச்சல் வந்துவிடக் கூடாதென்று மகள் சசிகலா, தான் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து நிலவேம்புப் பொடி கொண்டுவந்தாள். தினமும் காலையில் ஒரு டம்ளர் கஷாயம் போட்டு அவருக்குக் கொடுக்கிறேன். இருபத்தேழு வருஷத்தில் என் பேச்சில் ஒன்றைக்கூடக் கேட்டறியாத மனுஷன் இதை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய், காலி டம்ளரோடு திரும்பி வருகிறார். நான் அதை வாயில் வைத்ததில்லை. காய்ச்சல் வந்து படுக்க எனக்கு நேரம் ஏது. ராகி இந்தத் தடவை பரவாயில்லை.

நிற்க. நீங்கள் போனில், "அன்னைக்குப் பேசினது நான் இல்ல, உள்ள போன பிராந்திதான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு அமுதா. அதக் காட்டிப் பென்னாகரத்து மாப்ள வூட்டுக்காரங்கள நான் சரிக்கட்டிக்கறேன். வியாழக்கெழம நிச்சயத்த நிறுத்த முடியாது" என்று சொன்னீர்கள். உத்தரவுப்படி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மகளிர் குழுவில் பதினொரு வருஷமாகத் தீர்மான நோட்டு எழுதிய கை இது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதாமல் கடைசியில் கையெழுத்துப் போட வராது. அதனால் குற்றத்தை முழுசாக எழுதிவிட்டே மன்னிப்புக்கு வருகிறேன். பொறுத்தருளவும்.

எல்லாம் கயிற்றில் ஆரம்பித்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போன உங்கள் மச்சான், ஆற்றில் குளித்ததைவிட மற்றதில் அதிகமாகக் குளித்து மூன்றாம் நாள் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். சசிகலா இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். பெற்ற மகள் பட்டினி கிடந்தது பொறுக்காமல் மனுஷன் கோயிலில் போய்க் குடியை விடக் கயிறு கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். மற்றவர்கள் "இனிமே தொட மாட்டேன்" என்று கட்டிக்கொள்வார்கள். இவர் பூசாரியிடம், "தீவாளிக்கு மொத நாள் வரைக்கும் போடுங்க சாமி" என்றார். பூசாரியும் பஸ் பாஸ் போடுகிற மாதிரி தேதி சொல்லிக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து காலண்டரில் தினம் ஒரு கோடு. என் பிரசவத்துக்கு நாள் எண்ணாதவர், தன் விடுதலைக்கு நாள் எண்ணினார். போகட்டும், அந்த ரெண்டு மூணு மாசமாவது வூடு வூடா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை வந்தது. எனக்குப் பெருமாள் விரதம். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. காலையில் நீங்கள் போன் பண்ணினீர்கள். "நான் வாக்குக் குடுத்துட்டேன் அமுதா. பூவரசன் தங்கமான பையன், சொந்தமா டிராக்டர் வெச்சிருக்கான், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ஏதோ விசேஷத்துக்கு மட்டும்." அண்ணா, விசேஷம் என்றால் என்னவென்று நான் இருபத்தேழு வருஷமாகப் பாடம் படித்தவள். கல்யாணம் விசேஷம், கருமாதி விசேஷம், காதுகுத்து விசேஷம். மழை பெய்தால் சந்தோஷம், பெய்யாவிட்டால் வருத்தம். தக்காளி விலை ஏறினால் கொண்டாட்டம், இறங்கினால் ஆறுதல். ஒன்றுமே நடக்காத நாளில், "ஒண்ணுமே நடக்கலியே" என்று ஒரு குவார்ட்டர். போதாக்குறைக்கு அந்தத் தங்கமான பையன் பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறந்தால் ஏலக்காய் மணம். காலை பத்தரை மணிக்குப் பாயசமா குடித்துவிட்டு வந்தான்? இந்த வீட்டில் ஏலக்காய் எதற்கு வாங்குவோம் என்று கேட்டால் பொட்டிக்கடைக்காரர்கூடச் சொல்லுவார். சசிகலாவுக்கும் தெரியும். அப்பன் வாயை மோந்து வளர்ந்தவள்தானே. ஆனால் அவள் "மாமா சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். அவள் நின்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை. அதே மாதிரிதான் நானும் நின்றேன்.

போனை வைத்துவிட்டு, களிக்கு மாவு அரைக்கலாமென்று ராகி டிரம்மில் கையை விட்டேன். கையில் பாட்டில் தட்டியது. ஆஃப் பாட்டில் பிராந்தி. தீபாவளிக்குக் கடையில் கூட்டம் நெரியும் என்று மனுஷன் முன்கூட்டியே வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். விதை நெல்லைக்கூட இவர் இப்படிப் பாதுகாத்ததில்லை. பாட்டிலைப் பார்த்தேன் அண்ணா. பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கம்மல் இதற்குள் போயிருக்கிறது. கறவை மாடு இதற்குள் போயிருக்கிறது. இப்போது மகளும் போகப் போகிறாள். அப்படி என்னதான் இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. மூடி, கை வைத்ததுமே கழன்றுகொண்டது. கம்பெனிக்காரன் பெண்பிள்ளைகளுக்கும் வசதியாகச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மோந்தால் உங்கள் மச்சான் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது.

முறைப்படிதான் குடித்தேன். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பாடமாகியிருக்கிறதே. டம்ளரில் ஊற்றி, சுண்டுவிரலை நனைத்து ஒரு சொட்டைத் தரையில் சுண்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. அடேயப்பா! அப்படி ஒரு கசப்பு. வேப்பங்கொட்டையை அரைத்துக் கரைத்த மாதிரி நாக்கிலிருந்து வயிறு வரைக்கும் கசந்தது. இந்தக் கண்றாவிக்கா மாட்டை விற்றான் மனுஷன்! ஒரு மைசூர்பாகுக்கு விற்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நார்த்தங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டு இன்னொரு டம்ளர் குடித்தேன், முதலில் சரியாகப் புரியவில்லை என்று. கால் மணி நேரத்தில் காது சூடேறியது, தலை கிறுகிறுத்தது, நெஞ்சில் இருந்த பயம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. ஓகோ, இதுதானா போதை என்று தெரிந்துகொண்டேன். வாசலுக்குப் போய், உங்கள் மச்சான் மட்டுமே உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். ரொம்ப நன்றாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்களும் அண்ணியும் பூவரசனின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பூ, பழத்தட்டோடு வந்து இறங்கினீர்கள். அதற்கு அப்புறம் நான் பேசியது உங்களுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். எதிர் வீட்டுப் பையன் போனில் எடுத்ததால் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன நம் ஆட்களுக்கும் தெரியும். ஆனாலும் குற்றத்தை வார்த்தை மாறாமல் பதிவு செய்வதுதான் முறை.

"வாண்ணா! பித்தம்னு சொல்லி என்னய ஒருத்தன் தலையில கட்டின. இப்ப விசேஷம்னு சொல்லி எம்பொண்ணக் கட்டப் பாக்கறியா? என் நிச்சயத்துக்கு மொத நாளு மொரப்பூர் ஸ்டேஷன் பெஞ்சில இவரு வேட்டி வெலகினது தெரியாமக் கெடந்தத நீ உன் கண்ணால பாத்தியா இல்லியா? அப்பாகிட்ட வந்து, 'மாப்ளைக்குப் பித்தம், தலசுத்தல்'னு சொன்னியா இல்லியா? இவரு கூடப்பொறந்த கோகிலா அண்ணியக் கட்டிக்க ஆசப்பட்டு என்னய மாத்துக்குக் குடுத்த. சரி, அதாவது உனக்கு ஒரு பொண்டாட்டி கெடச்சா. எம்பொண்ணக் குடுத்து என்ன வாங்கப் போற, உன் வாக்கையா? குடுக்க மாட்டேன்ணா. எம்பொண்ண ஏலக்கா வாய்க்குக் குடுக்க மாட்டேன்!"

கூடப் பிறந்த அண்ணனை, அதுவும் சம்பந்தி முன்னால், "நீ" என்று பேசியது பெரிய குற்றம். ஒப்புக்கொள்கிறேன். ஸ்டேஷன் பெஞ்ச் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் திகைத்து நின்றீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே உங்கள் மச்சான் ஒரு விசேஷத்தில் உளறிவிட்டார். நான்தான் விழுங்கி வைத்திருந்தேன். அண்ணி மோர் கொண்டுவந்து என் வாயில் வைத்தபோது என்ன சொன்னார் என்று போனில் கேட்டீர்கள். "குடிம்மா, தெளிஞ்சிரும்" என்றார். அதற்கு முன்னால் என் காதுக்குள், "இன்னும் ரெண்டு வார்த்த பாக்கி இருந்தா சொல்லிட்டுக் குடி" என்றார். இதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்புறம் ஊரே திரண்டது. உங்கள் மச்சான் சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடந்தபோதெல்லாம், "பாவம், அவனுக்கு என்ன மனக்கஷ்டமோ" என்று கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்ட ஊர், நான் என் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு, "காலம் கெட்டுப்போச்சு" என்றது. பங்காளிகள் கூடி நியாயம் பேசினார்கள். அதில் இரண்டு பேர் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைக் கண்டித்தார்கள். உங்கள் மச்சானும் வந்தார். என் மடியில் பாட்டிலைப் பார்த்ததும் மூஞ்சி வெளுத்துப் போய், "ஐயோ, அதையா குடிச்ச? எவ்ளோ குடிச்ச?" என்று பதறினார். சரக்கு போன துக்கம் என்று நினைத்தேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, கயிறு கட்டிய கையை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் குடியினால் வரும் கேடுகளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அனுபவம் இருக்கிறதே. ஆனால் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலே சோறு சாப்பிடுகிறார்.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன். சசிகலா மூன்றாவது படிக்கும்போது உங்கள் மச்சான் என் கையை முறுக்கி எலும்பு விட்டுப்போனது. மாவுக்கட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். "அவன் நெனவுல இல்லம்மா. அது அவன் பண்ணல, சரக்கு பண்ணுச்சு. வுட்டுடு" என்று சொல்லி அன்று சாயங்கால பஸ்ஸுக்கே ஏற்றி அனுப்பினீர்கள். நானும் விட்டுவிட்டேன். இன்றும் மழைக்காலத்தில் அந்தக் கை வலிக்கும். சரக்கு வந்து ஒத்தடம் கொடுத்ததில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். குடித்தவன் செய்ததற்குக் குடித்தவன் பொறுப்பில்லை, அன்றைக்கு அவன் அவனே இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அந்தச் சட்டம் பொம்பளைக்கும் உண்டு என்று நம்புகிறேன். ஆகவே அன்று பேசியது நான் இல்லை, பிராந்தி. உங்களை "நீ" என்றது பிராந்தி. பெஞ்சில் கிடந்ததைச் சொன்னது பிராந்தி. பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றதும் பிராந்திதான். அமுதவல்லிக்கு அப்படியெல்லாம் பேச வராது. வியாழக்கிழமை நிச்சயத்தை நடத்திக்கொள்ளுங்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி மூலையில் நிற்கிறேன். பழக்கம்தான்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாருக்கும் நல்ல புத்தியையும் கொஞ்சம் நினைவையும் பெருமாள் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் தெளிவாக இருக்கப்போகும் தங்கை,
அமுதவல்லி

பின்குறிப்பு: அண்ணா, உறை ஒட்டும் நேரத்தில் சசிகலா டூட்டி முடிந்து வந்தாள். மிச்சப் பாட்டில் மேசைமேல் இருந்தது. எடுத்து மோந்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். "அம்மா, இது நான் குடுத்த நெலவேம்பு" என்றாள். அவள் அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார். பிடித்து நிறுத்திக் கேட்டால், வாங்கிய மூன்றாம் நாளே, "கெட்டுப்போச்சான்னு பாக்க ஒரு மூடி" என்று ஆரம்பித்து, நான்கே நாளில், கையில் கயிற்றோடு, முழுசையும் முடித்திருக்கிறார். பாட்டில் காலியானது எனக்குத் தெரியக் கூடாதென்று, நான் தினமும் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தைப் பின்னால் கொண்டுபோய் அதில் ஊற்றி ரொப்பியிருக்கிறார். பிராந்தி வாசம் காலி பாட்டிலோடது. கிறுகிறுப்பு வெறும் வயிற்றோடது.

ஆக, நான் குடிக்கவே இல்லை. கஷாயம் மருந்து, ஊறுகாயைப் பெருமாள் பொறுத்துக்கொண்டால் விரதம்கூடக் கெடவில்லை. "அம்மா, அப்ப அன்னைக்குப் பேசினது யாரு?" என்று சசிகலா கேட்டாள். நான்தான் பேசினேன். முழு நினைவோடு, நிதானத்தோடு, வார்த்தைக்கு வார்த்தை நானே பேசியிருக்கிறேன். எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது. எனவே மேலே கண்ட மன்னிப்பு ரத்து. வியாழக்கிழமை யாரும் வர வேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்கள் தாராளமாகப் பென்னாகரத்தில் காட்டலாம். ஆனால் பின்குறிப்பை மன்னிப்புக் கேட்ட தாளின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், கிழித்தால் இரண்டும் சேர்ந்துதான் கிழியும். அதோடு தபாலில் போடாமல், நாளை இந்தப் பக்கம் வரும் அண்ணியிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கடத்தூர் வருவதற்குள் இரண்டு தரம் படித்திருப்பார்.

கீழே சசிகலா ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள். பேனாவைக் கொடுத்துவிட்டேன்.

மாமா, எனக்கு இந்த இடம் வேண்டாம். நான் கஷாயம்கூடக் குடிக்கவில்லை. — சசிகலா