கல்லீரலுக்குச் சட்டம் போட்ட நாடு

உலகிலேயே முதன்முதலாகக் கல்லீரலுக்குச் சட்டம் போட்ட நாடு மந்தாரபுரிதான். இந்தப் பெருமைக்கு வேறு எந்த நாடும் போட்டிக்கு வர முடியாது.

மந்தாரபுரி மன்னர் மாலை நான்கு மணிக்குத் துயில் எழுபவர். அவருக்கு முன்னால் குடிமக்களுக்கு விடிவது மரியாதையா என்று கால அமைச்சர் தணிகாசலம் யோசித்தார். மன்னர் கண் விழித்ததும் முரசு முழங்கும், அதுவே விடியல், அதற்கு முன் அடிக்கிற வெயில் சட்டவிரோதம் என்று அறிவித்தார். ஊரே நான்கு மணிக்கு இட்லி சாப்பிடப் பழகிக்கொண்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை, சட்னிகூட நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் சேற்றுக் காய்ச்சல் வந்தது. அதற்கு ஒரு சிவப்பு மாத்திரை உண்டு. ‘காலையில் மட்டும்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கும். காலையில் போட்டால் கல்லீரல் அதைப் பக்குவமாகப் பிரித்து வெளியே அனுப்பிவிடும். சாயங்காலம் போட்டால் அதே கல்லீரல் அதே மாத்திரையை நஞ்சாக்கிவிடும். கல்லீரலுக்கு முரசு கேட்பதில்லை.

அரசு மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் தில்லையம்மாள். அவள் கணவர் வீரபத்திரன் செங்கல் சூளைத் தொழிலாளி. முரசுக்கு முரசு மாத்திரை விழுங்கி, ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டார். அவள் நேராக அமைச்சரிடமே போய் நின்றாள்.

“ஐயா, இதே மாத்திரைய வெயில் வர்றப்ப போட்டா ஒண்ணும் பண்ணலீங்க. முரசுக்குப் போட்டாத்தான் கல்லீரல் தாங்க மாட்டேங்குது. மாத்திரைக்கு மட்டும் பழைய காலைதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

“கல்லீரல் எங்கே இருக்கிறது?”

“வயித்துலங்க. வலது பக்கம்.”

“வயிறு?”

“மனுசன்கிட்டதாங்க.”

“மனுசன்?”

“இந்த நாட்டுலதாங்க.”

“அப்புறம் என்னம்மா? நாட்டுக்குள் இருக்கிற பொருள் நாட்டு நேரப்படி நடக்க வேண்டாமா? வெயிலைப் பார்த்து வாயைத் திறக்க உன் புருசன் என்ன கோழியா?”

அமைச்சருக்குப் பக்கத்தில் நின்ற அதிகாரிகள் மூவரும் சிரித்தார்கள். செயலாளர் சிரித்துக்கொண்டே அதைக் குறித்தும் கொண்டார். மறுநாளே கல்லீரல் ஒழுங்குச் சட்டம் நிறைவேறியது. உறுப்பினர்கள் தட்டிய தட்டில் அவையில் இரண்டு மேசைகள் உடைந்தன.

கண்கள் மஞ்சளாகிக்கொண்டே போயின. அதை நோய் என்றால் அரசுக்குக் கெட்ட பெயர். ஆகவே மஞ்சள் கண் விசுவாசத்தின் அடையாளம் என்று அடுத்த ஆணை வந்தது. வெள்ளைக் கண்காரர்களுக்கு ரேஷன் அரிசி நின்றது. அரிசிக்காக ஜனங்கள் இரண்டிரண்டு மாத்திரையாகப் போட்டார்கள். பிறகு, மஞ்சள் கண் உள்ளவர்களுக்கே ஓட்டு என்றார்கள். தேர்தலன்று அவர்களில் யாராலும் எழுந்திருக்க முடியாததால் ஓட்டுப்பெட்டி கட்டில் கட்டிலாகப் போனது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஆதரவு என்று குரல் தழுதழுக்க அறிவித்தார் அமைச்சர். மீதி இரண்டு பேருக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

தில்லையம்மாள் மட்டும் கணவரைச் சூளைக்குப் பின்னால் கூட்டிப்போய், வெயில் ஏறும் நேரம் பார்த்து மாத்திரை கொடுத்துவந்தாள். பத்தே நாளில் எழுந்து நடந்தார், கண்ணும் வெளுத்தது. வெளுத்த கண்ணோடு கடைத்தெருவில் நடந்தவரை, முரசுக்கு முன்பே மாத்திரை போட்ட குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். சிறையில் முரசு நேரத்து மாத்திரை கட்டாயம். இன்னும் ஒரு வாரம் அதை விழுங்கினால் மனுசன் தேற மாட்டார்.

மறுநாள் சூரியன் எட்டிப் பார்க்கும்போதே மருந்தகத்தின் பின்கதவு தட்டப்பட்டது. தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு தணிகாசலம் நின்றார். கண் நல்ல மஞ்சள். அவருக்குப் பின்னால், போர்வைக்குள் கொட்டாவி விட்டபடி மன்னர்.

“ரெண்டு மாத்திரை குடும்மா. இந்த நேரத்துக்குப் போட்டாத்தான் கேக்குதாமே.”

“தர்றேனுங்க. என் வீட்டுக்காரர விட்டுடுங்க. மன்னரே முழிச்சுட்டாரு, சட்டப்படியே விடிஞ்சிருச்சுங்களே. இந்த நேரத்துல போட்ட மாத்திரை எப்படிங்க குத்தமாகும்?”

அமைச்சர் அவள் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“முரசு அடிக்கலையேம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “இன்னும் விடியல.”

பிறகு கிழக்கே திரும்பி, முகத்தில் வெயில் படும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வாயைத் திறந்தார்.