இன்னும் கிடைக்காத சீட்டுக்கு ஒரு ஸ்தோத்திரம்

குன்னூர்,
ஆகஸ்ட் 19.

கர்த்தருடைய கிருபையால் தாமும் நலமாக இருந்து, மற்றவர்கள் நலமாக இருப்பதற்கும் ஓயாமல் வழி சொல்லிவரும் அன்புள்ள சில்வஸ்டர் அண்ணனுக்கு, தங்கை எல்சா பணிவுடன் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளை ஜாபேஸும் ஆன்சியும் சுகம். நாகர்கோவிலில் நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசி முடித்தவுடன், "சரிம்மா, வச்சிரட்டுமா" என்று வைத்துவிடுகிறீர்கள். என் முறை வருவதேயில்லை. கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

உங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் சராசரிக்குக் கீழே மார்க், நீட் தேர்வில் தகுதிக் கோட்டைச் சும்மா தொட்டுவிட்டு வந்த மார்க், இந்தப் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைக்க ஜார்ஜியாவுக்கு அனுப்புவது வீண்வேலை, பேசாமல் பி.காம். சேர்த்துவிடு, பெண் பிள்ளை, தூரதேசம், கடுங்குளிர், பாஷை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருபத்துமூன்று வருஷமாகக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சராசரி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழேயும் யாராவது இருந்துதான் ஆகவேண்டும். அந்தப் பொறுப்பை நம் பிள்ளை ஏற்றுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அவள் பி.காம். சேரப்போவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது ஏன் என்பதற்கு நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படிக்கவும்.

அந்த ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் மார்க் குறைந்த பிள்ளைகளை உடனே தள்ளிவிடுவதில்லை. வீடியோவில் ஒரு நேர்முகத் தேர்வு வைக்கிறார்கள், ஆங்கிலத்தில். அதில் தேறினால் சீட், இல்லையென்றால் இல்லை. ஆகவே வீட்டில் பயிற்சி ஆரம்பித்தோம். முதலில் உங்கள் மாப்பிள்ளை தேர்வாளராக உட்கார்ந்தார். மேலே சட்டையும் டையும், கீழே குளிருக்குக் கம்பளி. குந்தா மின்நிலையத்தில் வேலை பார்க்கிற மனுஷர், அவருக்குத் தெரிந்த நேர்முகத் தேர்வு மின்வாரியத்தில் நடந்த ஒன்றுதான். "டிரான்ஸ்பார்மர்ல ஆயில் எதுக்கு ஊத்தறோம், சொல்லு பாப்பா" என்று கேட்டுவிட்டு, அவள் முழித்ததும் அவரே விளக்கம் சொல்லி, அவரே பாஸ் போட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்து நான் உட்கார்ந்தேன். "நீ ஏன் டாக்டராக விரும்புகிறாய்?" என்று கேட்டேன். இணையத்தில் யாரோ சொல்லிக்கொடுத்த பதிலை, மனித குலத்துக்குச் சேவை செய்வதே என் சிறுவயதுக் கனவு என்பதை, ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலில் ஒப்பித்தாள். நான் நம்பவில்லை என்றேன். "நானும்தாம்மா நம்பல. ஆனா நீங்க மூஞ்சிய அப்படி வச்சுட்டுக் கேட்டா எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்றாள். என் மூஞ்சி பிறந்ததிலிருந்தே இப்படித்தான், உங்களுக்கே தெரியும்.

இந்த லட்சணத்தில், பயிற்சி போதாது ஜெபமும் வேணும் என்று உங்கள் மாப்பிள்ளை முடிவு செய்தார். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கை உறைகளை ஆயர் வாசிப்பார். ஏதாவது வேண்டிக்கொள்கிறவர்களுக்கு நீல உறை, நடந்ததற்கு நன்றி சொல்கிறவர்களுக்கு மஞ்சள் உறை. அட்மிஷன் காலமானதால் எல்லாப் பெற்றோரும் முந்திக்கொண்டு நீல உறைகளைக் காலி செய்துவிட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? உறை எந்த நிறமாக இருந்தால் என்ன, ஆண்டவருக்குத் தெரியாதா என்று ஒரு மஞ்சள் உறையை எடுத்து, அதன்மேல் "மகள் ஆன்சியின் மருத்துவப் படிப்புக்காக" என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டார். ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும், ஆயருக்குத் தெரியவில்லை. அவர் மஞ்சளைப் பார்த்தார், கண்ணாடியைச் சரி செய்துகொண்டார், "நம்முடைய சகோதரர் ஜாபேஸ், சகோதரி எல்சா இவர்களின் மகள் ஆன்சிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று கணீரென்று வாசித்துவிட்டார். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. பாடகர் குழுவை நடத்துகிற செலஸ்டின் அக்கா, உத்தரவுக்குக் காத்திராமல் ஒரு துதிப்பாட்டை ஆரம்பித்தார். ஆன்சி பெஞ்சுக்கு அடியில் பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி குனிந்தவள் பாட்டு முடிகிறவரைக்கும் நிமிரவில்லை.

ஆராதனை முடிந்ததும் நான் ஆயரிடம் போய், இன்னும் நேர்முகத் தேர்வே நடக்கவில்லை, திருத்திச் சொல்லுங்கள் என்றேன். பதறிப்போனார், பாவம். அடுத்த ஞாயிறு கட்டாயம் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு வெளியூர்ப் பிரசங்கியார் வந்து ஒன்றரை மணி நேரம் பேசி, அறிவிப்புகளுக்கே நேரமில்லாமல் போய்விட்டது. "நீங்களாவது நாலு பேர்கிட்டச் சொல்லுங்களேன்" என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சண்டை போட்டேன். "கொடுத்த நன்றியை எப்படி எல்சா திரும்பக் கேக்கறது?" என்கிறார். இந்த மனுஷருடன்தான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

அதற்குள் விஷயம் சபையைத் தாண்டி எங்கள் சரிவு முழுக்க இறங்கிவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வாழ்த்து, பிறகு முட்டிவலி. சிலர் ஸ்கேன் படங்களையே கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். ஆன்சி ஒவ்வொருவரிடமும் உண்மையைத்தான் சொன்னாள். "எனக்கு இன்னும் சீட்டே கிடைக்கலைங்க, ஆன்ட்டி." "பாருங்களேன், எவ்வளவு தன்னடக்கம்!" என்று சொல்லிவிட்டு அவர்கள் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். சரி, வந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டுப் படிக்க உட்காருவாள் என்று பார்த்தால், உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எப்போதிருந்து வலிக்குது, படி ஏறும்போதா இறங்கும்போதா, ராத்திரி தூக்கம் வருதா என்று கேள்வி வேறு. கடைசியில் எல்லோருக்கும் ஒரே பதில்: "எனக்குத் தெரியலைங்க, ஜி.எச்.ல காட்டுங்க." தெரியாத விஷயத்துக்கு இத்தனை நேரம் எதற்கு என்று நான் கேட்டால் முறைக்கிறாள்.

இப்படி ஒருநாள் மாரப்பன் வந்தார். தேயிலை ஃபாக்டரியில் உலர்த்தும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், கீழே தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறார். அன்றைக்குத்தான் கடைசிப் பயிற்சி. என்னுடைய சிநேகிதி ரேச்சல், எங்கள் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை, ஆன்சியைக் கேள்வி கேட்பதற்காகவே ஊட்டியிலிருந்து வந்து ஹாலில் காத்திருக்கிறாள்.

"ஏனுங் டாக்டரம்மா, இந்த முட்டிய கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. உக்காந்தா எந்திரிக்க முடியறதில்லீங்க" என்றார் மாரப்பன்.

ஆன்சி முட்டியைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்து நாற்காலி வரைக்கும் ஒரு கால் வைத்த இடத்தில் மட்டும் சிவப்பாகத் தடம்.

"தாத்தா, கால்ல என்ன?"

"காலுக்கு ஒண்ணுமில்லீங்க. முட்டிதான்."

"தூக்கிக் காட்டுங்க."

தூக்கினார். உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு, பாதி உள்ளே. எங்கே ஏறியது, எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. "அட, எவனோ பாட்டிலை ஒடச்சுப் போட்டிருக்கான் பாருங்க" என்று சிரிக்கிறார். எடுத்துவிடட்டுமா என்று உங்கள் மாப்பிள்ளை குறடோடு வந்தார். "அப்பா, தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரேச்சல் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, அவருக்கு வலிக்கலம்மா. அதுதான் தப்பு. சுகர் இருக்கும்னு நினைக்கிறேன். இப்பவே போகணும்" என்றாள். நான் மணியைப் பார்த்தேன். அண்ணா, உங்களிடம் சொல்வதற்கென்ன, ரேச்சல் போகட்டும், அப்புறம் போகலாம் என்றுதான் சொன்னேன். அவளோ அவர் காலைத் துணியால் சுற்றி, ஜீப் ஒன்றைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறாள். அவருக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்ததாம், அவருக்கே தெரியாதாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் காலை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டி வந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். இது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பாடத்துல இருந்ததும்மா. பரிட்சையிலதான் வரல" என்றாள்.

நேர்முகத் தேர்வு சனிக்கிழமை மத்தியானம். காலையிலேயே பர்லியார் பக்கம் மரம் விழுந்து கேபிள் அறுந்து, வீட்டில் இன்டர்நெட் போயிற்று. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றால் மூடுபனிதான் கிடைத்தது. சர்ச் ஹாலில் வேறு இணைப்பு இருக்கிறது என்று ஆயர் சாவியோடு ஓடி வந்தார், மஞ்சள் உறைக்குப் பிராயச்சித்தமாக இருக்கலாம். போனால் அங்கே பாடகர் குழு ஒத்திகை. செலஸ்டின் அக்கா பாட்டை நிறுத்தினார், ஆளை நிறுத்தவில்லை. "நாங்க சத்தமே போடமாட்டோம் எல்சா, பிள்ளைக்குப் பின்னாடி உக்காந்து மனசுக்குள்ள ஜெபம் பண்றோம்" என்று பன்னிரண்டு பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். வெளியே போகச் சொல்வதற்குள் திரையில் ஆள் வந்துவிட்டது. ஒரு வயதான அம்மையாரும் ஓர் இளைஞரும். நான் கதவுப் பக்கம் நின்றேன், மூஞ்சி தெரியாமல்.

அம்மையார் கேட்ட முதல் கேள்வியே, "உனக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்?" இது எங்கள் பயிற்சியில் இல்லை. ஆன்சி திரும்பிப் பார்த்தாள். பிறகு சாதாரண ஆங்கிலத்தில், ரயில் அறிவிப்பெல்லாம் இல்லாமல், "எனக்கு ஏற்கெனவே சீட் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்கள்" என்று ஆரம்பித்து உறை விஷயத்தை அப்படியே சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞர் சிரித்து முடித்து, "உன் மதிப்பெண்கள் சராசரிக்குக் கீழே இருக்கின்றனவே, ஏன்?" என்றார். "நான் மெதுவாகப் படிப்பவள். ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை வாசிப்பேன். நேரம் முடிந்துவிடும்." "டாக்டர் மெதுவாக இருக்கலாமா?" அதற்கு மாரப்பன் கதையைச் சொன்னாள். காயத்துக்கு நீ என்ன செய்தாய் என்று அம்மையார் கேட்டார். "ஒன்றும் செய்யவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் உடனே கூட்டிக்கொண்டு போனேன். தெரியாத இடத்தில் இனிமேலும் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்" என்றாள். கதவுப் பக்கம் நின்றவளுக்குக் கண்ணில் தூசி. மூடுபனியில் ஏது தூசி என்று கேட்காதீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்த இளைஞர் கேட்டார். பிள்ளை முழிக்கிறாள். படித்திருக்கிறேன், இப்போது நினைவில்லை, தப்பாகச் சொல்ல மாட்டேன் என்கிறாள். அப்போது செலஸ்டின் அக்கா கண்ணைத் திறக்காமலே, "நூறுக்குள்ள இருக்கணும் பாப்பா!" என்றார். "எனக்கு நூத்தி நாப்பதுலயே நிக்குது" என்றார் பக்கத்தில் இருந்தவர். "வெந்தயம் சாப்பிடுறியா?" என்றார் மூன்றாமவர். கண்மூடி ஜெபித்த பன்னிரண்டு பேரும் அவரவர் சர்க்கரை அளவைச் சொல்லித் தீர்த்த பிறகுதான் ஹால் அடங்கியது. திரையில் இருவரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். முடிவை மின்னஞ்சலில் சொல்வோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

வருகிறதோ இல்லையோ, அண்ணா, நான் முடிவு செய்துவிட்டேன். இது இல்லையென்றால் வேறொன்று, இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷம். எதையும் ஆதாரமில்லாமல் நம்பாதவள் நான். இப்போது ஆதாரம் பார்த்துவிட்டேன். குளிரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குன்னூரில் பிறந்த பிள்ளைக்கு நாகர்கோவில்காரர் குளிரைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. தூரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆறு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். பாஷை கற்றுக்கொள்வாள். பெண் பிள்ளை என்பதைப் பற்றி நான் பதில் எழுதப் போவதில்லை. ஆகவே தயவுசெய்து இனி பி.காம். என்ற பேச்சை எடுக்க வேண்டாம். அவளிடம் போனில் சொல்லவும் வேண்டாம், அறிவுரை சொல்வதற்கென்று கிளம்பி வரவும் வேண்டாம். அவள் போகத்தான் போகிறாள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் இருவருக்கும் சமாதானத்தையும், உங்கள் இரத்த அழுத்தத்துக்கு ஒரு நிதானத்தையும், உங்களுக்குப் பிறர் சொல்வதைக் கேட்கும் செவியையும் அருள்வாராக.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
எல்சா ஜாபேஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. சீட் கிடைத்துவிட்டது. அடுத்த மாதமே கிளம்ப வேண்டுமாம். ஆன்சி இப்போதே பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாள். அந்த ஊரில் ஜனவரியில் பனிக்கட்டி விழுமாம். இதை ஏன் எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை? ஆறு வருஷம் என்பது சின்னக் காலமில்லை அண்ணா. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். யோசித்துப் பார்த்தால், பி.காம். ஒன்றும் மோசமான படிப்பில்லை. ஊட்டியிலேயே இருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் இந்தச் சனிக்கிழமையே கிளம்பி வந்து, உங்கள் சொந்தக் கருத்தாக, என் பெயரை எடுக்காமல், அவளிடம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவள் கேட்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் உங்களைச் சொல்லச் சொல்கிறேன்.